கீழ் மகலாவின் குழாய்

ஸ்ரெப்ரினா ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் மணல் தொட்டிக்குள் இறங்குவதற்கு முன்னால் ரைச்சோ தன் செருப்பைக் கழற்றி வெளியே விட வேண்டும். குளோரின் கலந்த வாளியில் முழங்கால்வரை கழுவ வேண்டும். அதன் பிறகுதான் ஊர்ச் செலவில் வாங்கிய ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொள்ளலாம். அவன் கழுவுகிறானா என்று பார்க்க ஊர்த்தலைவர் பலாசோவ் ஆள் அனுப்புவார். பெரும்பாலும் வருவது அவருடைய மைத்துனன் ஸ்தாமென். ஊரில் குழாய் வேலை பார்ப்பவன் அவன்தான்.

"நகத்து இடுக்குல தேய்டா," என்பான் ஸ்தாமென், தொட்டிச் சுவரில் உட்கார்ந்துகொண்டு. "என் பொண்டாட்டி இந்தத் தண்ணியிலதான் காப்பி போடறா."

"காப்பி நல்லாயிருக்குன்னு சொன்னாங்களே."

"வாய்க்குக் குறைச்சல் இல்ல," என்று சொல்லிவிட்டு சிகரெட் சாம்பலை ரைச்சோவின் கழுவிய பாதத்தில் தட்டுவான். "மறுபடி கழுவு."

ரைச்சோ மறுபடி கழுவுவான். சிரித்துக்கொண்டேதான் கழுவுவான். முகத்தைச் சுளித்தால் இன்னொரு முறை கழுவ வேண்டிவரும் என்று அவனுக்குத் தெரியும்.

மேல் ஊரில் இந்த வேலைக்கு யாரும் வரவில்லை. ரைச்சோ கீழே மகலாக் குடியிருப்பிலிருந்து வந்தவன். எட்டு வாரத்துக்கு ஒருமுறை தொட்டியில் தண்ணீரை இறக்கிவிட்டு, இடுப்பு ஒடியக் குனிந்து, மணலின் மேல்தோலைத் தட்டை மண்வெட்டியால் விரல் கனத்துக்குச் சுரண்ட வேண்டும். சுரண்டியதை வாளி வாளியாக வெளியே ஏற்ற வேண்டும். மார்ச் மாதத்திலும் அந்தத் தண்ணீர் எலும்பைக் குடையும். நாள் முழுக்கச் சுரண்டிவிட்டு வெளியே வந்தால் விரல்கள் மண்வெட்டிக் காம்பைப் பிடித்த வாக்கிலேயே மடங்கி நிற்கும்.

ஆனால் அந்த வேலை ரைச்சோவுக்குப் பிடித்திருந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஓடைத் தண்ணீர் மணலுக்கு மேலே வந்து இடுப்பளவு நிற்கும். மெல்ல மணலுக்குள் இறங்கி, கூழாங்கல் அடுக்கைத் தாண்டி, அடிக்குழாய் வழியாகச் சேமிப்புத் தொட்டிக்குப் போய், அங்கிருந்து பெரிய வால்வைக் கடந்து ஊருக்குப் போகும். மணல் குடித்தது போக மிஞ்சுகிற ஓடைத் தண்ணீர் விளிம்பில் இருக்கும் வழிவுக் குழாயில் விழுந்து பள்ளத்துக்குப் போய்விடும். மணலின் மேல் பழுப்பும் பச்சையுமாக வழுவழுவென்று ஒரு தோல் படியும். தொட்டி கட்ட வந்த இன்ஜினியர் அம்மா அதை விரலில் வழித்துக் காட்டி, "இதுக்கு உசுரு இருக்கு. கிருமியைத் தின்னறது இதுதான். மணல் இதைத் தாங்கிப் பிடிக்குது, அவ்வளவுதான்," என்று சொல்லியிருந்தாள். சுரண்டினால் அந்தத் தோல் போய்விடும். அது மறுபடி பிடிக்க மூன்று நாளாவது ஆகும். அதுவரை அந்தத் தொட்டியின் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும்; பக்கத்திலிருக்கும் இரண்டாவது தொட்டிதான் ஊருக்குத் தண்ணீர் தரும். மூன்று நாள் என்றால் மூன்று நாள்தான். ரைச்சோ அதில் ஒரு மணி நேரம்கூடக் குறைத்ததில்லை.

தொட்டி கட்டிய கதை இது. மலைமேல் ஆட்டுப்பட்டிகள் இருந்தன. மழை பெய்தால் பட்டியின் கழிவெல்லாம் ஓடையில்தான் இறங்கும். மேல் ஊரில் ஒரு வருடம் பாதிப் பிள்ளைகள் காமாலையில் படுத்தார்கள். வெளியிலிருந்து பணம் வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: கீழே ஜிப்ஸிகள் எனப்படும் ரோமா ஜனங்கள் குடியிருக்கும் மகலாவுக்கும் தண்ணீர் போக வேண்டும்.

பலாசோவ் தேர்தல் இல்லாத காலத்தில் மகலாவுக்கு இறங்கி வந்தது அந்த ஒருமுறைதான். ரைச்சோவின் வீட்டு வாசலில் நின்றார்.

"மணல் சலிச்சுக் கழுவணும், ரைச்சோ. நூத்துக்கணக்கான வண்டி. மிஷினுக்குக் குடுத்தா பணம் பத்தாது. உன் ஆளுங்களை நீ கூட்டிட்டு வா. வேலை முடியட்டும், உங்க மகலா நடுவுல குழாய் நிக்கும்."

"நிஜமாத்தான் சொல்றீங்களா, தலைவரே?"

"என் அம்மா மேல ஆணை."

அந்தக் கோடை முழுக்க மகலா மணல் கழுவியது. ஆண்கள் சலித்தார்கள். பெண்கள் பீப்பாயில் போட்டு, கையை விட்டுக் கலக்கி, கலங்கல் நீங்கும்வரை கழுவினார்கள். ரைச்சோவின் எதிர்வீட்டுச் சவ்கா ஆறு மாதக் கர்ப்பத்தோடு வந்தாள். புருஷன் ஜெர்மனிக்குப் போனவன் போனவன்தான். "நீ போய் உக்காரு," என்று ரைச்சோவின் மனைவி ஃபிதான்கா விரட்டினால், "இவன் குடிக்கப்போற தண்ணி இது. இவனும் கொஞ்சம் வேலை செய்யட்டும்," என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவாள்.

அக்டோபரில் குழாய் வந்தது. மேலேயிருந்து மகலாவரை பள்ளம் தோண்டியது ரைச்சோ. குழாயை இறக்கி மண் மூடியதும் அவன்தான். மேலே, தொட்டியோரத்து வால்வு அறைக்குள் இணைப்பைப் போட்டது ஸ்தாமென். அன்றைக்கு ரைச்சோவை அவன் கீழே அனுப்பிவிட்டான். "நீ போய்க் குழாய்கிட்ட நில்லு. தண்ணி வந்தா கத்து." தண்ணீர் வந்தது. ரைச்சோ கத்தினான். போட்டோ எடுத்தார்கள். பாதிரியார் தண்ணீர் தெளித்தார். மகலாவில் ஆடு அறுத்தார்கள், இரண்டு நாள் கிளாரினெட் ஓயவில்லை. கிழவர்கள்கூட ரைச்சோவை முதலில் உட்காரவைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். மூன்று வாரம் கழித்து சவ்காவுக்குப் பையன் பிறந்தான். ஒக்னியான் என்று பெயர் வைத்தாள். அவனை முதல்முதலில் குளிப்பாட்டியது அந்தக் குழாய்த் தண்ணீரில்தான்.

ஒன்றரை வருடம் போனது. மகலாப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிறு கெட்டது. பல் முளைக்கிறது என்றார்கள், பச்சைப் பிளம்ஸைத் தின்கிறதுகள் என்றார்கள். மழைக்குப் பிறகு தண்ணீர் கொஞ்சம் மங்கலாக வந்தது. புதுக் குழாய், உள்ளே மண் இருக்கும் என்று ரைச்சோவே எல்லோருக்கும் சொன்னான். அப்படித்தான் நம்பினான்.

மே மாதம் சேமிப்புத் தொட்டியை முதல்முறையாகக் கழுவ உத்தரவு வந்தது. ரைச்சோ காலையில் பெரிய வால்வை மூடினான். மேல் ஊருக்கு ஒரு நாள் தண்ணீர் கிடையாது. மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன், மகலா நடுவில் கூட்டத்தையும் சிரிப்பையும் பார்த்தான். குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. சவ்காவின் தம்பி யாஷ்கோ குழாய்மேல் கையை வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்துகொண்டிருந்தான்.

"மேல ஒரு சொட்டு இல்லையாம். போய்ச் சொல்லுங்க, வாளி எடுத்துட்டு வரிசையில நிக்கட்டும். சீமாட்டிங்களுக்குத் தனி வரிசை."

"ஸ்தாமென் வந்தா?" என்றாள் சவ்கா, இடுப்பில் பையனோடு.

"கால் கழுவிட்டு வரச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். ரைச்சோவும் சிரித்தான். ஃபிதான்கா அவன் தோளில் தட்டி, "நம்ம குழாய்க்கு மட்டும் எப்படி வருதுங்க?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். வடிகட்டிய தண்ணீர் முழுக்க அந்தப் பெரிய வால்வுக்குப் பின்னால் அடைபட்டு நிற்கிறது. அப்படியானால் இது எந்தத் தண்ணீர்?

சாப்பிடாமல் மேலே ஏறினான். வால்வு அறையின் ஓரத்தில் ஸ்தாமென் போட்டிருந்த சிமெண்டுப் பலகையைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கினான். மகலாவுக்குப் போகும் குழாய் சேமிப்புத் தொட்டிப் பக்கம் போகவே இல்லை. அது வழிவுக் குழாயின் வயிற்றில் செருகியிருந்தது. மணலைத் தொடாமல், விளிம்பில் வழிந்து, முன்பு பள்ளத்துக்குப் போன ஓடைத் தண்ணீர். அதைத்தான் அவன் ஜனங்கள் ஒன்றரை வருடமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பலாசோவ் தன் அலுவலகத்தில் தக்காளி நாற்றுகளைச் சின்னச் சின்னத் தகர டப்பாக்களில் மாற்றி நட்டுக்கொண்டிருந்தார். ரைச்சோ சொல்வதை நிமிராமலே கேட்டார்.

"பார்த்துட்டியா," என்றார்.

"தப்பா சேர்த்துட்டாங்க போல, தலைவரே. அரை நாள் வேலை. நானே மாத்திடறேன்."

"தப்பா யாரும் சேர்க்கல." மண்ணை விரலால் அழுத்தினார். "ரெண்டு தொட்டி எத்தன வீட்டுக்குத் தாங்கும்? நூத்தி நாப்பது. உங்களையும் சேர்த்தா ஆகஸ்ட்ல மேட்டுத் தெருவுக்கு ஏறாது. அங்க இருக்கறவங்க என்னைச் சும்மா விடுவாங்களா?"

"அப்ப எங்களுக்கு?"

"உங்களுக்குத் தண்ணி வரல?"

"அது ஓடைத் தண்ணி."

"இத்தன வருஷம் என்ன குடிச்சீங்க? பாட்டில் தண்ணியா? குனிஞ்சு மொண்டு குடிச்சதை இப்ப வீட்டு வாசல்ல பிடிச்சுக் குடிக்கறீங்க."

ரைச்சோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பலாசோவ் கையைத் துடைத்துக்கொண்டு, ஒருவித அன்போடுகூட, அவனைப் பார்த்தார்.

"அடுத்த வசந்தத்துல மூணாவது தொட்டி கட்ட எழுதிப் போட்டிருக்கேன். அப்ப மாத்திக்கலாம். அதுவரைக்கும் வாயைத் திறந்தா என்ன ஆகும்னு யோசி. குழாயை மூடிருவேன். உன் இடத்துல வேற ஆளைப் போட்டுருவேன். அப்புறம் உன் ஆளுங்க உன்னைத்தான் கேப்பாங்க. பள்ளம் வெட்டினது யாரு? குழாயை இறக்கினது யாரு? தண்ணி வந்துருச்சுன்னு கத்தினது யாரு?"

ரைச்சோ திரும்பிப் போய்ப் பலகையைப் பழையபடி மூடினான்.

அவன் சொன்னது ஃபிதான்காவிடம் மட்டும்தான். அவள் பிசைந்துகொண்டிருந்த மாவை மூடிவைத்தாள். பிறகு மகள் ருசலினாவைப் பார்த்தாள். ஐந்து வயதுப் பெண், வாசலில் பூனைக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தது.

"நம்ம காய்ச்சிக் குடிப்போம்," என்றாள்.

"மத்தவங்க?"

"சொன்னா என்ன ஆகும்?"

"குழாய் போயிரும். வேலையும் போயிரும்."

"அப்ப வசந்தம் வரைக்கும்தானே," என்றாள் ஃபிதான்கா. அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் ஒரு மூடி போட்ட பானை வாங்கினாள். அது குடிக்க. குழாயடி வாளி பாத்திரம் கழுவ. குழாயில் வாய் வைத்தால் தோலை உரிப்பேன் என்று மகளிடம் சொல்லிவைத்தாள்.

மற்றவர்களுக்கு ரைச்சோ பாதி உண்மையைச் சொல்லிப் பார்த்தான். மழை பெய்தால் இரண்டு நாள் பிடிக்காதீர்கள் என்றான். வாளியில் தெளியவிட்டுக் குடியுங்கள் என்றான். மேலிருந்து குளோரின் புட்டி ஒன்றைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து, "ஒரு சொட்டு விடுங்க, பூச்சி வராது," என்று வீடுவீடாகக் கேட்டான். நாறுகிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். உன் தண்ணீரை நீயே நம்பலையா என்று கேலி செய்தார்கள். அவனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான்.

ஆகஸ்டில் ஒரு நாள் சவ்கா அவனை வழியில் நிறுத்தினாள். ஒக்னியான் அவள் தோளில் துவண்டு கிடந்தான். உதடு வெடித்திருந்தது.

"அண்ணே, நாலு நாளா தண்ணியாப் போகுது இவனுக்கு. எங்க அத்தை தண்ணியைக் காய்ச்சுங்கறா. எனக்கு விறகு வாங்க வக்கில்ல. உன்னைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு இருந்தேன். தண்ணி நல்ல தண்ணிதானே?"

அந்த இடத்தில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. பையன் ரைச்சோவின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். பின்னாளில் ரைச்சோ யோசித்துப் பார்த்திருக்கிறான். ஒரே ஒரு வார்த்தை போதும்: காய்ச்சு. காரணம்கூடச் சொல்லவேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் அவன் மனதில் வந்து நின்றது, அவள் உடனே கேட்கப்போகும் 'ஏன்' மட்டும்தான்.

"நல்ல தண்ணிதான்மா," என்றான். "நான் கழுவற மணல்தானே."

"அதான் நானும் சொன்னேன்," என்று சவ்கா நிம்மதியாகச் சிரித்தாள். "ஆமா, இந்த வெயில்ல உங்க வீட்டு அடுப்பு ஓயாம புகையுதே. என்ன அது?"

"ஃபிதான்கா ஜாம் கிண்டறா."

"எங்களுக்கும் ஒரு புட்டி குடுக்கச் சொல்லு."

அவன் அன்றே கடைக்குப் போய் இரண்டு புட்டி பிளம் ஜாம் வாங்கி, லேபிளைக் கிழித்துவிட்டு, சவ்காவிடம் கொடுத்தான்.

அந்த முறை பையன் தேறிவிட்டான். செப்டம்பர் நடுவில் மூன்று நாள் விடாமல் மழை அடித்தது. மலைமேல் பட்டிச் சுவர் ஒன்று சரிந்தது. தேநீர் நிறத்தில் வந்த ஓடைத் தண்ணீர் மணலுக்குள் இறங்க மறுத்தது. வந்ததில் பெரும்பகுதி வழிவுக் குழாயில் விழுந்தது. மகலாக் குழாய் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் கொட்டியது. ரைச்சோ அதை மூடிவிடலாம் என்று கீழே வந்தான். மகலாவுக்கு வேறு தண்ணீர் இல்லை. ஏன் மூடுகிறாய் என்று நான்கு பேர் கேட்டார்கள். கையை எடுத்துக்கொண்டான்.

ஒரே வாரத்தில் பதினோரு பிள்ளைகள் படுத்தார்கள். சவ்காவின் வீட்டிலிருந்து பையனின் அழுகை முதல் நாள் தெரு முழுக்கக் கேட்டது. இரண்டாம் நாள் மெலிந்தது. மூன்றாம் நாள் காலை கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் சேற்றில் இறங்க மாட்டேன் என்று மேல் ஊர்ச் சதுக்கத்திலேயே நின்றுவிட்டது. யாஷ்கோ பையனைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடினான். பாதி வழியில் கை கனத்தது என்று பின்னால் சொன்னான். ஏன் கனக்கிறது என்று பார்க்கப் பயந்து, பார்க்காமலே மீதித் தூரத்தையும் ஓடினானாம்.

ஒக்னியானுக்கு இரண்டு வயது முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ரைச்சோவும் ஒருவன். அவன்தான் வேண்டும் என்று சவ்கா கேட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை சவ்கா எதிர்வீட்டுப் படியேறினாள். அழுது அழுது குரல் போயிருந்தது. ஃபிதான்கா அவளை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடு," என்றாள் சவ்கா.

ஃபிதான்கா யோசிக்காமல் மூடியைத் திறந்து பானையிலிருந்து மொண்டு கொடுத்தாள். நாலு மாதப் பழக்கம். சவ்கா ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். கோப்பையை முகர்ந்தாள். இன்னொரு வாய் குடித்து வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள்.

"காய்ச்சின தண்ணி," என்றாள்.

ஃபிதான்கா பானையின் மூடியை மறுபடி போட்டாள்.

"ஜாம் இல்ல." சவ்காவின் கண் அடுப்புக்குப் போனது, மூடி போட்ட பானைக்குப் போனது, அடியில் ஈரமாக நின்ற குழாயடி வாளிக்குப் போனது. பிறகு மூலையில் பொம்மைக்குத் தலை சீவிக்கொண்டிருந்த ருசலினாவிடம் போய் நின்றது. தெருவில் படுக்காத ஒரே பிள்ளை. "எத்தன நாளா?"

"சவ்கா—"

"எத்தன நாளான்னு கேட்டேன்."

"மே மாசத்துலேருந்து."

ரைச்சோ உள்ளே வந்தபோது அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஃபிதான்காவின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. அவன் எல்லாவற்றையும் சொன்னான். பலகை, வழிவுக் குழாய், பலாசோவ், வசந்தம். எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் சவ்கா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஆகஸ்ட்ல உன்னை நிறுத்திக் கேட்டேனே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அவள் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு மணி நேரத்தில் யாஷ்கோவும் இன்னும் ஆறேழு பேரும் வந்து ரைச்சோவைக் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கொண்டுபோனார்கள். அவன் திமிறவில்லை. மகலாவே கூடி நின்றது. யாஷ்கோ ஒரு தகரக் குவளையைக் குழாயில் பிடித்து அவன் வாயில் வைத்தான். குடித்தான். இன்னொன்று. இன்னொன்று. ஏழாவது குவளையில் வாந்தி எடுத்தான்.

"போதும்டா," என்றார் ஒரு கிழவர்.

"எதுக்குப் போதும்? இவன் செத்தா ஒண்ணும் ஆகப்போறதில்ல," என்றாள் சவ்கா. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து யாஷ்கோ கையிலிருந்து குவளையை வாங்கினாள். அதை அலசினாள். நிறையப் பிடித்தாள். ஃபிதான்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற ருசலினாவின் முன்னால் குனிந்தாள்.

"குடிம்மா," என்றாள், மெதுவாக.

ஃபிதான்கா மண்டியிட்டுவிட்டாள். சவ்காவின் காலைப் பிடித்தாள். "நான் குடிக்கறேன், சவ்கா. எத்தன வேணும்னாலும் குடிக்கறேன். அவ என்ன பண்ணினா."

"என் பையன் என்ன பண்ணினான்?"

யாரும் குறுக்கே வரவில்லை. ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பிள்ளை படுத்திருந்தது. ருசலினா அம்மாவைப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது. ரைச்சோவை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். அவன் வாயிலிருந்து வாந்தி இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் தொடக்கூடாது என்றிருந்த குழாய்த் தண்ணீரை ஒரு பெரியவள் தானாகவே நீட்டுகிறாள். குழந்தை இரண்டு கையாலும் குவளையை வாங்கி, மூச்சுவிடாமல் முழுக்கக் குடித்தது.

"ஜில்லுன்னு இருக்கு," என்றது.

சவ்கா குவளையை வாங்கிக்கொண்டாள். கூட்டம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கலைந்தது.

மூன்று நாள் ரைச்சோவும் ஃபிதான்காவும் மகளின் கட்டிலைவிட்டு நகரவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் சவ்கா உட்கார்ந்து இந்த வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். குழந்தைக்கு ஒன்றும் வரவில்லை. நாலாம் நாள் அது வாசலில் இறங்கி விளையாடியபோது சவ்கா ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

அன்றைக்கே ரைச்சோ பட்டப்பகலில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேலே போனான். பலகையை உடைத்தான். மகலாக் குழாயை வழிவுக் குழாயிலிருந்து அறுத்து எடுத்து, பெரிய வால்வுக்கு அடுத்த நல்ல தண்ணீர்க் குழாயில் சேர்த்தான். பாதி வேலையில் பலாசோவும் ஸ்தாமெனும் வந்தார்கள். அடிப்பார்கள், குறைந்தபட்சம் கத்துவார்கள் என்று எதிர்பார்த்தான். பலாசோவ் சுவரோரம் நின்று கடைசிவரை வேடிக்கை பார்த்தார்.

"நல்லா இறுக்கு," என்றார். "வியாழக்கிழமை மாவட்டத்துலேருந்து சுகாதார அதிகாரி வராங்க. சாவு ஆயிருச்சில்ல."

"அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்வேன், தலைவரே."

"சொல்லு. என்ன காட்டப்போற? நல்ல குழாயையா?"

ஸ்பானரைப் பிடித்திருந்த ரைச்சோவின் கை நின்றது. அறுத்த துண்டு அவன் காலடியில் கிடந்தது. ஸ்தாமென் குனிந்து அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

வியாழக்கிழமை அதிகாரி பார்த்தது புதிதாக உடைத்த சிமெண்டையும் புதிதாகப் போட்ட இணைப்பையும்தான். தொட்டி வேலைக்காரன் ரைச்சோ குழாயைத் தவறாகச் சேர்த்திருக்கிறான், குழந்தை செத்ததும் பயந்துபோய் அதிகாரி வருவதற்குள் ரகசியமாக மாற்றியிருக்கிறான் என்று பலாசோவ் வருத்தத்தோடு எழுதிக் கொடுத்தார். பள்ளம் வெட்டியது அவன்தான் என்பதற்கு ஊரே சாட்சி. போட்டோவே இருந்தது: மண்வெட்டியோடு, சிரித்த முகமாக ரைச்சோ.

பிப்ரவரியில் வழக்கு நடந்தது. இணைப்பு தன் வேலையில்லை என்று ஸ்தாமென் சத்தியம் செய்தான். தலைவருக்கு எல்லாம் தெரியும் என்று ரைச்சோ சொன்னான். நீதிபதி அதைக் கேட்டுக்கொண்டார். பிறகு சவ்காவைக் கூப்பிட்டார். கறுப்புத் தலைத்துணியோடு வந்து நின்றாள். இந்த ஆள் சொல்வதுபோல ஊர்த்தலைவருக்கும் தெரிந்திருந்ததா என்று கேட்டார்.

ரைச்சோ தலையைத் தூக்கினான். அவன் வீட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டவள் அவள். அவளும் அவனை நேராகப் பார்த்தாள்.

"தலைவரை நான் கேக்கல," என்றாள். "அவரை நான் என்னைக்கும் நம்பினதில்ல. இவனைத்தான் கேட்டேன். நல்ல தண்ணின்னு சொன்னான்."

"ஊர்த்தலைவருக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அது எனக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும்."

அதோடு முடிந்தது. அலட்சியத்தால் மரணம். பதினான்கு மாதம்.

அவன் உள்ளே இருந்தபோது ஃபிதான்கா மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்பெயினில் பழம் பறிக்கும் தன் அண்ணனிடம் போய்விட்டாள். இரண்டு கடிதம் வந்தது. ருசலினா பள்ளியில் சேர்ந்துவிட்டது என்று ஒன்று. வரும்போது சொல்லிவிட்டு வா என்று இன்னொன்று. எங்கே வர வேண்டும் என்ற முகவரி இரண்டிலும் இல்லை.

விடுதலையான அன்று அவன் பஸ் ஏறி ஸ்ரெப்ரினாவில் இறங்கினான். ஏப்ரல் மாதம். மகலாவுக்கு இறங்கும் வழியில் யாரும் அவனை நிறுத்தவில்லை, யாரும் பேசவும் இல்லை. அவன் வீட்டுக் கூரையில் ஓடுகள் இல்லை. ஜன்னல் சட்டங்களையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். உள்ளே யாரோ கோழி அடைத்திருந்தார்கள். எதிர்வீட்டு வாசலில் யாஷ்கோ சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி டியூபில் கண் வைத்தான்.

"உனக்கு இங்க ஒண்ணும் இல்ல, ரைச்சோ."

"தெரியுது." பையைக் கீழே வைத்தான். "உன் அக்கா எப்படி இருக்கா?"

"உனக்கு எதுக்கு?"

"மேல யாரு சுரண்டறாங்க?"

"நான்தான். எட்டு மாசமா."

"மூணு நாள் விடறியா?"

யாஷ்கோவின் கை நின்றது. கோபமாக ஏதோ சொல்லப்போகிறான் போலிருந்தது. பிறகு, "நாலு நாள் விடறேன்," என்றான். "மேட்டுத் தெருக்காரங்க வந்து கத்தறாங்க. கத்தட்டும்னு விட்டுருவேன்."

"கால் கழுவச் சொல்றானா ஸ்தாமென்?"

"ரெண்டு தடவை."

ரைச்சோ தலையாட்டினான். வெயில் ஏறியிருந்தது. பஸ்ஸில் வந்த தூசு தொண்டையில் அடைத்தது. அவன் தண்ணீர் கேட்கவில்லை, யாஷ்கோவும் கொடுக்கவில்லை. டியூபைத் தண்ணீர்த் தட்டில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பதிலேயே யாஷ்கோ மும்முரமாக இருந்தான். திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ரைச்சோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திராமல், நெடுஞ்சாலையைப் பார்த்து நடந்தான்.